ஒரு பருக்கையில் நாட்டை அளந்தவர்

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க யாரும் பானையைக் கவிழ்ப்பதில்லை. கரண்டியில் நாலு பருக்கை எடுப்பார்கள். விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். நசுங்கினால் வடித்துவிடுவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரிந்த கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே அளந்தார் ஒருவர். கோடிக் கணக்கான மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவு செய்கிறார்கள், வயலில் எவ்வளவு விளைகிறது என்பதை, சில ஆயிரம் வீடுகளிலும் வயல்களிலும் பார்த்தே சொல்லிவிட முடியும் என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு நம்பினார்கள். அப்புறம் உலக நாடுகள் அவரிடம் ஆள் அனுப்பிப் பாடம் கேட்டன.

அவர் பெயர் வாயில் நுழையக் கொஞ்சம் சிரமப்படும். பிரசாந்த சந்திர மகலனோபிஸ். வங்காளத்துக்காரர்.

மருந்துக் கடைத் தாத்தா

மகலனோபிஸ் 1893-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார்.

அவருடைய தாத்தா குருசரண், கிழக்கு வங்காளத்தில் விக்ரம்பூரிலிருந்து பிழைப்பைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தவர். அங்கே மருந்துக் கடை வைத்தார். கையில் காசு சேர்ந்ததும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். 1864-ல் ஒரு விதவையை மணந்துகொண்டார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. உறவினர்கள் எதிர்த்தார்கள். பிரம்ம சமாஜம் அவரை அணைத்துக்கொண்டது. மகாகவி தாகூரின் தந்தை தேவேந்திரநாத் அவருக்கு நண்பர்.

அப்படிப்பட்ட வீட்டில் பேரன் வளர்ந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சீர்திருத்தக்காரர்கள், பண்டிதர்கள். பையன் படிப்பில் கெட்டிக்காரன். பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் படித்து 1912-ல் பட்டம் பெற்றான். செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஜகதீச சந்திர போஸ் அவனுக்கு ஆசிரியர். பின்னால் நேதாஜி ஆன சுபாஷ் சந்திர போஸ், அதே கல்லூரியில் அவனுக்குச் சில வகுப்புகள் கீழே.

ஒரு ரயிலைத் தவற விட்டார்

1913-ல் மகலனோபிஸ் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் படிப்பதாகத் திட்டம்.

ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் மிகப் பிரசித்தம். அதன் அழகில் சொக்கி நின்றுவிட்டார். லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயில் போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஒரு நண்பரின் அறையில் தங்கினார். இரவு பேச்சுவாக்கில், இந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தால் என்ன என்று நண்பர் யோசனை சொன்னார். மறுநாள் மனுப் போட்டார். இடம் கிடைத்தது!

அந்த ரயிலைப் பிடித்திருந்தால் அவர் நம் ஊர் மேதை ஒருவரைச் சந்தித்திருக்கவே மாட்டார்.

குளிரில் நடுங்கிய தமிழர்

1914-ல் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார். டிரினிடி கல்லூரியில் அவருக்கு அறை. இருவருக்கும் சிநேகம் ஏற்பட்டது.

ராமானுஜனுக்குச் சீமைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனபோது, ராமானுஜன் கணப்புக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று மகலனோபிஸ் விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சால்வையையும் போர்த்திக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார். கம்பளி தரவில்லையா என்று மகலனோபிஸுக்குச் சந்தேகம். படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி வைத்திருந்தார்கள். அதற்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது! விரிப்பின் மேலேயே இத்தனை நாளும் படுத்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளிகளை விலக்கி, உள்ளே நுழைவது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனார்.

பாயில் படுத்து வளர்ந்தவருக்கு இது எப்படித் தெரியும்? மகலனோபிஸ் அதைக் கேலி செய்யாமல் புரிந்துகொண்டார் என்பதுதான் அழகு.

இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஒரு மாதப் பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும், வலப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன?

நீங்களும் போட்டுப் பார்க்கலாம். எட்டே வீடு உள்ள தெருவென்றால் விடை ஆறாம் எண் வீடு. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் சேர்ந்தாலும் 15. மகலனோபிஸ் சில நிமிஷம் முயன்று பெரிய தெருவுக்கு விடை கண்டிருந்தார். 288 வீடுகளில் 204-ம் எண் வீடு. ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டும் அல்ல, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து ஒரே சூத்திரமாக விடை சொன்னார்!

கப்பலில் வந்த புத்தகங்கள்

1915-ல் மகலனோபிஸ் பௌதிகத்தில் முதல் தரமாகத் தேறினார். கேம்பிரிட்ஜிலேயே ஆராய்ச்சி செய்ய ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் சிறிது காலம் ஊருக்குப் போய் வர நினைத்தார். அப்போது முதல் உலக யுத்தம். கப்பல் புறப்படத் தாமதமாகியது. பொழுது போக நூல்நிலையத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், அவருடைய ஆசிரியர் ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களை அளந்து எண்ணிக் கணக்கிடும் சாஸ்திரம் அதில் இருந்தது. பெயர் பயோமெட்ரிகா.

மகலனோபிஸ் அதன் எல்லாத் தொகுதிகளையும் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். வழியெல்லாம் படித்தார். கல்கத்தாவில் இறங்கும்போது அவர் மனம் மாறியிருந்தது. எண்களைச் சேர்த்து, சீர்தூக்கி, உண்மையைப் பிரித்தெடுக்கும் இந்தப் புள்ளியியலை நம் நாட்டுக் காரியங்களுக்குப் பயன்படுத்தவேண்டும் என்ற எண்ணம் விழுந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார்.

1923-ல் நிர்மல்குமாரியை மணந்தார். பெண்ணின் தகப்பனாருக்கு இந்தச் சம்பந்தத்தில் முழுச் சம்மதம் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்நின்று நடத்திவைத்தார். தம்பதிகள் இருவரும் தாகூருக்கு மிக நெருங்கியவர்கள். விசுவபாரதியின் செயலாளராக மகலனோபிஸ் பத்தாண்டு வேலை பார்த்தார்.

வெள்ளம் ஏன் வந்தது?

1922-ல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம். பெரிய செலவில் தேக்கங்கள் கட்டி நீரை நிறுத்திவைக்கலாம் என்று நிபுணர் குழு ஒன்று யோசனை சொல்லியது. சர்க்கார் மகலனோபிஸிடம் கேட்டது. அவர் ஆற்றங்கரைக்குப் போவதற்கு முன்னால் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கினார். ஏறக்குறைய 50 வருஷ மழைக் கணக்கு! எப்போது எவ்வளவு மழை, எப்போது எவ்வளவு வெள்ளம் என்று பொருத்திப் பார்த்தார். தேக்கம் பயன் தராது, தேங்கிய நீர் சீக்கிரம் வடிவதற்கு வழி செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தவர்களுக்கு, வடிய வழி என்ற சொல்லின் எடை தெரியும்.

1926-ல் ஒரிஸ்ஸாவில் பிராமணி நதி கரை புரண்டது. ஆற்றின் அடித்தரை மேடாகிவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்தவேண்டும் என்றார்கள் இன்ஜினீயர்கள். மகலனோபிஸ் 60 வருஷக் கணக்கைப் பார்த்தார். அடித்தரை உயரவே இல்லை என்று காட்டினார். மேலே மலைப் பக்கம் மழை கூடுதலாகப் பெய்ததே காரணம், கரையை உயர்த்துவதில் பலன் இல்லை, மேலே அணை கட்டித் தடுப்பதே வழி என்றார். மகாநதியில் 1957-ல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைக்கு அந்தப் பழைய கணக்குகள் அடிப்படையாக உதவின.

ஒரு அறையில் பிறந்த நிலையம்

1931 டிசம்பர் 17-ந் தேதி இந்தியப் புள்ளியியல் நிலையம் தொடங்கியது. கட்டிடம் கிடையாது. பிரஸிடென்ஸி கல்லூரியில் மகலனோபிஸின் அறைதான் நிலையம். முதல் வருஷச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு! அதே நிலையம் பின்னால் கல்கத்தாவை அடுத்த பராநகரில் பெரிய தோட்டத்துக்குக் குடியேறியது. பார்லிமெண்ட் 1959-ல் சட்டம் செய்து அதைத் தேசிய முக்கியத்துவம் உள்ள நிலையமாக்கியது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது.

1936-ல் மகலனோபிஸ் கண்ட ஒரு அளவு இன்றும் அவர் பெயராலேயே உலகமெங்கும் வழங்குகிறது. அதை எளிதாகச் சொல்லலாம். ஒருவர் ஆறடி உயரம் என்றால் அதிசயம் இல்லை. ஒருவர் 45 கிலோ எடை என்றாலும் அதிசயம் இல்லை. ஆனால் ஆறடி உயரமும் 45 கிலோவும் ஒரே ஆளிடம் இருந்தால்? டாக்டர் உடனே கவலைப்படுவார். தனித் தனியே பார்த்தால் தெரியாத கோளாறு, சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது. பல அளவுகளைச் சேர்த்து எடைபோட்டு, ஒன்று மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்வதே மகலனோபிஸ் தொலைவு. தொழிற்சாலையில் பழுதான பாகத்தைப் பொறுக்கி எடுக்கவும் இது பயன்படுகிறது.

சணல் வயலில் சோதனை

இனி வருவதுதான் அவர் வாழ்வின் பெரிய காரியம்.

வங்காளத்துக்குச் சணல்தான் பணப்பயிர். எவ்வளவு விளையும் என்பது தெரிந்தால்தான் விலை நிலைக்கும். அந்தக் காலத்துக் கணக்கு எப்படி? ஊழியர் வரப்பில் நின்று கண்ணால் பார்ப்பார். இந்த வருஷம் இத்தனை அணா விளைச்சல் என்று எழுதுவார். போன வருஷத் தாளைப் பார்த்து எழுதியவர்களும் இல்லாமலா இருப்பார்கள்?

ஒவ்வொரு வயலாக எண்ணுவது இன்னொரு வழி. வங்காளத்தில் கோடிக் கணக்கான துண்டு வயல்கள். அத்தனைக்கும் ஆள் வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் அறுவடையே முடிந்துவிடும்.

மகலனோபிஸ் மூன்றாவது வழி சொன்னார். வரைபடத்தில் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுப்போம். அந்த இடத்து வயல்களை மட்டும் நேரில் போய்ப் பார்ப்போம். 1937-ல் சிறிய அளவில் தொடங்கினார். 1941-ல் வங்காளம் முழுவதும் செய்தார். சர்க்காரின் முழு எண்ணிக்கையும் கூடவே நடந்தது. செலவை ஒப்பிட்டால், மாதிரிக் கணக்குக்கு ஆனது சுமார் பத்தில் ஒரு பங்குதான். வியாபாரத்துக்கு வந்த சணலின் கணக்கோடு இரண்டையும் வைத்துப் பார்த்தபோது, மாதிரிக் கணக்கே நெருங்கி நின்றது. எல்லாவற்றையும் எண்ணிய முழுக் கணக்கு குறைத்துக் காட்டியிருந்தது!

இது எப்படி? ஆயிரக் கணக்கான அவசர ஆட்கள் எண்ணினால் தப்பும் ஆயிரக் கணக்கில் வரும். நன்றாகப் பழகிய சிலர் நிதானமாக எண்ணினால் தப்பு குறையும்.

அப்படியும் மகலனோபிஸ் ஆட்களை முழுதாக நம்பிவிடவில்லை. ஒரே பிரதேசத்துக்கு இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டுக்கும் தனித் தனி மாதிரி. ஒரு குழுவின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சரி. விலகினால் எங்கோ கோளாறு. நகைக் கடையில் ஒருவர் நிறுத்ததை இன்னொருவர் மறுபடி நிறுப்பது போல!

இதிலும் தகராறு வந்தது. மகலனோபிஸ், வயலில் சிறு வட்டமாகப் பயிரை அறுத்து எடை பார்க்கச் சொன்னார். மற்றொரு பெரிய புள்ளியியல் அறிஞரான சுகாத்மே அதை ஒப்புக்கொள்ளவில்லை. வட்டம் சிறிதானால் எல்லைக் கோட்டில் நிற்கும் செடி உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் அடிக்கடி வரும், அறுப்பவன் அதையும் சேர்த்தே அறுப்பான், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்றார். சுகாத்மே சொன்னதில் நியாயம் இருந்தது. அறுவடைக்குப் போயிருக்கிற எவரும் அவர் பக்கம்தான் பேசுவார்கள்.

படப்பையில் பத்து வீடு

குலுக்கல், குலுக்கல் என்கிறோமே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பை இருக்கிறது. அங்கே ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு அரிசி வாங்குகிறது என்று கணக்கு எடுக்க ஒருவரை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். வெயில். சாலை ஓரத்திலேயே பத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறார்.

அந்தக் கணக்கு என்ன ஆகும்? சாலை ஓரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்கள். ஏரிக்கரைப் பக்கத்துக் கூலிக்காரர் அதில் வரவில்லை. ஒரகடம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் வரவில்லை. புருஷனும் மனைவியும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடும் வரவில்லை. பானையின் மேல்பாகத்தை மட்டும் தொட்டுப் பார்த்த கதைதான். அடிச்சோறு குழைந்திருக்கும். மேல்சோறு நறுக்கென்று நிற்கும்.

அதனால்தான் எல்லா வீட்டுக்கும் முதலில் எண் போடவேண்டும். சீட்டுக் குலுக்கி எடுக்கவேண்டும். எந்த வீட்டு எண் வருகிறதோ அந்த வீட்டுக்கே போகவேண்டும். பக்கத்து வீட்டில் காப்பி கொடுப்பார்கள் என்று அங்கே உட்கார்ந்துவிடக் கூடாது! பானையைக் கிளறிவிடுவது போன்றது இந்தக் குலுக்கல். கிளறிய பிறகு, வீட்டுப் பானையானாலும் கல்யாண அண்டாவானாலும் ஒரு கரண்டி போதும். அண்டா பெரிதென்று கரண்டியைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

பஞ்சத்தின் கணக்கு

1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்தது. கல்கத்தாத் தெருக்களில் மக்கள் செத்து விழுந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குக்கூட நல்ல கணக்கு இல்லை. விசாரணைக் கமிஷன் சுமார் 15 லட்சம் என்றது. பின்னால் ஆராய்ந்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல், 30 லட்சம் வரைகூட இருக்கலாம் என்கிறார்கள். அரிசி எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கையிருப்பு என்பதற்கும் நம்பத் தகுந்த கணக்கு இல்லாமல் போனது அந்தத் துயரத்தில் ஒரு பகுதி.

பஞ்சம் அடங்கியதும் மகலனோபிஸின் ஆட்கள் கிராமங்களுக்குப் போனார்கள். எந்தக் குடும்பம் நிலத்தை விற்றது, எது உழவு மாட்டை விற்றது, யார் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். நிலமில்லாக் கூலிகளும் மீனவர்களும் அதிகம் அடிபட்டிருந்தார்கள். மாட்டை விற்றவன் மறு வருஷம் எப்படி உழுவான்? பஞ்சம் முடிந்துவிட்டது என்று சர்க்கார் சொன்ன பிறகும் அந்த வீடுகளில் அது முடியவில்லை.

உப்பு சொன்ன உண்மை

1947-ல் தேசப் பிரிவினைக் கலவரம். டில்லியில் உயிருக்குப் பயந்த மக்கள் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட ஒரு குத்தகைக்காரரை சர்க்கார் ஏற்பாடு செய்தது. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று பில் வந்தது. தொகை மலைக்க வைத்தது. உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் பில் சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? இருந்த பதட்டத்தில் உள்ளே போய் எண்ணவும் முடியாது.

புள்ளியியல் வல்லுநர்களிடம் விட்டார்கள். மகலனோபிஸின் நிலையத்தோடு நெடுநாள் தொடர்புடைய ஜே. எம். சென்குப்தா ஒரு வழி கண்டார். சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு உப்பு செலவாகும் என்பது குடும்பக் கணக்கெடுப்புகளில் முன்பே தெரியும். பில்லில் உள்ள அரிசியை ஒரு ஆளின் அரிசியால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை வரும். பருப்பிலும் அப்படியே. உப்பிலும் அப்படியே. மூன்றும் ஒரே எண்ணிக்கையாக வரவேண்டும் அல்லவா?

வரவில்லை! அரிசிக் கணக்குப்படி ஆட்கள் மிக அதிகம். உப்புக் கணக்குப்படி குறைவு.

காரணம் நீங்களே ஊகித்திருப்பீர்கள். அரிசி விலை கூடிய சரக்கு. அதில் கூட்டி எழுதினால் லாபம். உப்பு மலிவு. அதில் பொய் எழுதி என்ன கிடைக்கப் போகிறது? ஆகவே உப்பு சொன்ன எண்ணிக்கையை வைத்துக்கொண்டார்கள். ஹுமாயூன் சமாதியில் இருந்த சிறிய முகாமிலும் இதே முறையைப் போட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

இதைச் செய்ய வரவு செலவு நோட்டு போதும். கல்யாண வீட்டில் சமையல் பில்லைச் சரிபார்க்கிறவர்கள் வாழை இலைக் கட்டை எண்ணுகிறார்களே, அதுவும் இந்த வகைதான்.

300 கிராமத்துக்கு ஒன்று

சுதந்திரம் வந்தது. நாடு ஏழை என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஏழை என்று யாருக்கும் தெரியாது. 1949-ல் மத்திய சர்க்கார் மகலனோபிஸைப் புள்ளிவிவர ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவர் யோசனைப்படி 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது.

நாட்டில் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் கிராமங்கள். முதல் சுற்றுக்கு எடுத்தவை 1,833. ஏறக்குறைய 300 கிராமத்துக்கு ஒன்று! 1950 அக்டோபர் முதல் 1951 மார்ச் வரை ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். ரயில், மாட்டு வண்டி, நடை. பாஷை ஊருக்கு ஊர் மாறும். அளவும் மாறும். நம் பக்கத்திலேயே படி, மரக்கால், கலம் என்போம். ஒரு ஊர்ப் படி இன்னொரு ஊர்ப் படிக்குச் சமம் அல்ல. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து எழுதவேண்டும்.

ஒரு சின்னக் கேள்வியே அவர்களைத் திண்டாட வைத்தது. உங்கள் வீட்டில் எவ்வளவு அரிசி செலவு என்று கேட்கும்போது, போன வாரத்துக்குக் கேட்பதா, போன மாதத்துக்குக் கேட்பதா? வாரம் என்றால் ஞாபகம் இருக்கும், அதுவே சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். மகலனோபிஸ் இரண்டு விதமாகவும் கேட்கச் செய்தார். வாரக் கணக்கு எப்போதும் கூடுதலாக வந்தது. சில வீடுகளில் தராசு வைத்து நிறுத்தே பார்த்தார்கள். தானியத்துக்கு மாதக் கணக்குதான் நிஜத்துக்கு அருகில் இருந்தது! வாரத்துக்குக் கேட்டால், அதற்கு முந்திய செலவும் சேர்ந்து வாயில் வந்துவிடுகிறது. மாதம் என்றால், சம்பளம் வந்ததும் வாங்கிய மூட்டை கண்ணில் நிற்கிறது. வீட்டுக் கணக்கு எழுதும் பெண்கள் இதை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம்.

திட்டமும் விமரிசனமும்

1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மகலனோபிஸின் கணக்கின் மேல் எழுந்தது. முதலில் இரும்பும் இயந்திரமும் செய்யும் பெரிய தொழில்களை நிறுத்துவோம், மற்றவை அதிலிருந்து பெருகும் என்பது அவர் வாதம். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகள் அந்தக் காலத்தவை. பொருளாதார நிபுணர் பி. ஆர். ஷெனாய் அப்போதே மறுப்பு எழுதினார். சாப்பாட்டுச் சாமான்களும் துணியும் செய்வதில் முதல் போதவில்லை என்று பிற்பாடும் பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. எண்ணிப் பார்ப்பதில் அவர் காட்டிய ஜாக்கிரதை, எண்ணிய பிறகு என்ன செய்வது என்பதில் அதே அளவு பலிக்கவில்லை.

மனிதரும் லேசானவர் அல்ல. கறார்ப் பேர்வழி. அவரோடு வேலை செய்து மனஸ்தாபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் உழைப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கணக்குகள் குவிந்தபோது, கையால் போட்டு மாளாது என்று 1950-களிலேயே கம்ப்யூட்டரைத் தன் நிலையத்துக்குத் தருவித்தார். அப்போது இந்தியாவில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களே கொஞ்சம். 1945-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. 1968-ல் பத்ம விபூஷண் பட்டம் வந்தது.

1972 ஜூன் 28-ந் தேதி அவர் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும். அவரும் நிர்மல்குமாரியும் வாழ்ந்த பராநகர் வீட்டுக்கு ஆம்ரபாலி என்று பெயர். தாகூர் வைத்த பெயர் அது. இன்று அங்கே அவர் நினைவாகக் காட்சிசாலை இருக்கிறது. 2007 முதல் ஜூன் 29-ந் தேதியைத் தேசியப் புள்ளியியல் தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

அவர் தொடங்கிய மாதிரிக் கணக்கெடுப்பு நிற்கவில்லை. 2019-ல் அந்த அலுவலகத்தை வேறொரு புள்ளிவிவர அலுவலகத்தோடு இணைத்தார்கள். பெயர் மாறியது, வேலை மாறவில்லை. விலைவாசி ஏறியதா இறங்கியதா என்று மாதா மாதம் சொல்கிறார்களே, அதில் அரிசிக்கு எவ்வளவு எடை, எண்ணெய்க்கு எவ்வளவு எடை என்பதை இந்தக் கணக்கெடுப்பு வைத்தே போடுகிறார்கள். வருகிற ஊழியர் கையில் இப்போது நோட்டு இல்லை, டேப்லெட் இருக்கிறது. கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று மட்டும் பழையதுதான்: போன 30 நாளில் உங்கள் வீட்டில் அரிசி எவ்வளவு ஆயிற்று என்பது.